கப்பல்காரன் மேல் பிராது

நஜியாவுக்குப் பல்லி என்றால் பயம், கரப்பான் என்றால் பயம், கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் கொஞ்சம் பயம். பேய்க்கு மட்டும் பயமே கிடையாது. பேய் என்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை. அதுவும் இங்கிலீஷ் பேய். பாழடைந்த மாளிகை, பூட்டிக் கிடக்கும் அறை, தானாக அணையும் மெழுகுவத்தி, ஆளில்லாத மாடியில் காலடிச் சத்தம் இதெல்லாம் இருந்துவிட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு.

பரங்கிப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்துல் வதூதின் மகள் அவள். சிதம்பரத்தில் இங்கிலீஷ் இலக்கியம் சேரப் போகிறேன் என்று வந்து நின்றபோது வாப்பா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "படிம்மா. ஆனா அந்த வெள்ளக்காரப் பேயெல்லாம் வீட்டுக்கு இட்டாந்துடாத" என்று மட்டும் சொன்னார். அவள் இட்டுக்கொண்டுதான் வந்தாள். இரண்டாம் வருஷப் பாடத்தில் இருந்த ஒரு பழைய நாவல் அப்படியே அவள் கூடவே வந்து, கல்யாணமாகி, சிதம்பரத்திலேயே குடித்தனமும் வைத்துவிட்டது.

கதை இதுதான். வடகடல் ஓரத்துப் பாறைமேல் ஒரு மாளிகை. அதில் கேப்டன் டென்ஹாம் என்ற கப்பல் முதலாளி. அவனை அண்டிப் பிழைக்க வந்து சேர்கிறாள் ஹெலன் என்ற அநாதைப் பெண். மாளிகையின் வடக்குக் கோபுரம் எப்போதும் பூட்டியே இருக்கிறது. ஆனால் ராத்திரியில் அங்கே யாரோ நடக்கிறார்கள். கடலில் மூழ்கிப்போன கேப்டனின் தங்கை இசபெல்லின் ஆவி அது என்று வேலைக்காரர்கள் கிசுகிசுக்கிறார்கள். கோபுரத்து மணி சில நாள் தானாக அடிக்கும். அடித்த நாளில் கடலுக்குப் போனவன் திரும்பமாட்டான் என்பது அந்த ஊர் நம்பிக்கை. மிச்சத்தை இப்போதே சொன்னால் நஜியா என்னை மன்னிக்கமாட்டாள்.

படித்து முடித்தவளுக்கு அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. பல ஊர் மாறிக் கடைசியில் கடலூர் முதுநகருக்கு வந்தாள். நம் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? முக்கிய வினா, அதற்குக் கைடில் இருக்கும் விடை, அந்த விடைக்கு அடியில் சிவப்புக் கோடு. ஒரு பெரிய நாவலை நாலு பக்கமாகச் சுருக்கி, அந்த நாலு பக்கத்தையும் நாலு வரியாகச் சுருக்கி, அந்த நாலு வரியை மனப்பாடம் பண்ணச் சொல்வதற்குப் பெயர் இலக்கியம். மீனைச் சுட்டுக் கருக்கி முள்ளை மட்டும் பரிமாறுகிற சமையல் இது. பதினைந்து வருஷ வேலையில் நஜியா ஒரு வகுப்போடும் ஒரு முழுப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை. ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு புத்தகம், அட்டையிலிருந்து அட்டைவரை. அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

அந்த ஆசைக்குத் தீ வைத்தவள் தமிழினி. முத்தாலங்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண், ப்ளஸ் ஒன். ஒரு நாள் சுருக்கப்பட்ட கதை ஒன்றை நஜியா நடத்தி முடித்ததும் எழுந்து நின்று, "அப்புறம் இன்னா ஆச்சு மிஸ்?" என்று கேட்டாள்.

"அது முழுக் கதையில இருக்கும்மா."

"முழுக் கதை எங்க இருக்குது மிஸ்?"

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு முத்தாலங்குப்பத்தில் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. ஊருக்குப் பொதுவான வலைக்கூடத்தில், வலை பின்னுகிறவர்கள் ஒதுங்கி இடம் கொடுத்த மூலையில், ப்ளஸ் ஒன் பிள்ளைகள் ஒரு சின்னக் கூட்டம். நாவலைச் சிதம்பரம் கீழவீதியில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். "இது எந்த எக்ஸாமுக்கு மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார். எக்ஸாமுக்கு இல்லை என்றதும் அவளை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, கள்ள நோட்டு அடிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பிள்ளைகள் நாவலில் விழுந்த வேகத்தைச் சொல்லி மாளாது. அரவிந்தன் என்ற பையன் கேப்டனின் வசனங்களைத் தொண்டையைக் கரகரக்க வைத்துப் படித்தான். கோபுரத்துப் பேய்க்கு 'இசபெல் அக்கா' என்று உறவுமுறையே வைத்துவிட்டார்கள். அடுத்து என்ன என்று கேட்டு நச்சரிப்பார்கள். நஜியா வாயைத் திறக்கமாட்டாள். "படிச்சுத் தெரிஞ்சுக்குங்க" என்பாள். முழுப் பரீட்சை முடிந்தபோது மணி அடிக்கும் அத்தியாயத்துக்கு வந்திருந்தார்கள்.

வில்லங்கம் அங்கேதான் வந்தது.

"காலையில எழுந்து சத்தம் போட்டுப் படிங்க, அப்பதான் நாக்கு திரும்பும்" என்று நஜியா சொல்லியிருந்தாள். எல்லா டீச்சரும் சொல்வதுதான். தமிழினி சொன்ன சொல் தட்டாத பெண். விடிவதற்கு முன்னால் எழுந்து, வாசல் விளக்கடியில் உட்கார்ந்து, உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பூவராகன் விசைப்படகு ஓட்டுகிறவர். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடலுக்குக் கிளம்பியவர், மகள் இங்கிலீஷ் படிக்கிற அழகைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றார்.

"இன்னா பாப்பா படிக்கிற? தமிழ்ல சொல்லு, நானும் கேக்குறேன்."

தமிழினி ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தாள். "மணி அடிச்சிடுச்சு. இன்னிக்கி கடலுக்குப் போறவன் கரைக்குத் திரும்ப மாட்டான்."

கடலுக்குக் கிளம்புகிறவனை 'எங்க போற' என்று கேட்பதே அந்த ஊரில் ஆகாது. பூவராகன் தூக்கைக் கீழே வைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஓட்டுகிறவர் போகாமல் படகு போகுமா? கூட வேலை செய்கிறவர்களும் போகவில்லை. சேதி பரவி இன்னும் இரண்டு படகு கரையிலேயே நின்றது. அன்றைக்குப் பார்த்து வஞ்சிரம் வந்து கொட்டியது. போன படகெல்லாம் நிறைந்து வந்தது. முத்தாலங்குப்பத்தில் பாதி வீட்டில் மீன் குழம்பு கொதித்தது, மீதி வீட்டில் வயிறு எரிந்தது.

மறுநாள் சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். நஜியாவைப் போன் போட்டு வரவழைத்தார்கள். சிதம்பரத்தில் பஸ் ஏறினாள். தன் வகுப்பு போய்விடும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கூட்டத்தில் ஆண்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கோயில் சுவர் ஓரமாகத் தள்ளி நின்றார்கள். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசுவது அங்கே வழக்கமில்லை. பெண்ணுக்கு ஒரு குறை என்றால் அப்பனோ அண்ணனோ அவளுக்காக எழுந்து சொல்லவேண்டும். டீச்சர் என்பதால் நஜியாவுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஊர்த்தலைவர் கலைமணி நடுவில் உட்கார்ந்திருந்தார். கலைமணிக்கு ஒரே ஒரு கர்வம்தான். தன் தலைமையில் நடக்கும் விசாரணையில் முறை தவறவே தவறாது என்பதுதான் அது.

நஜியா முதலில் மன்னிப்புக் கேட்டாள். "காலையில சத்தமாப் படிக்கச் சொன்னது என் தப்புதான் ஐயா. இந்த ஊரு வழக்கம் எனக்குத் தெரியாமப் போச்சு."

பூவராகன் எழுந்தார். நல்ல மனுஷன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "டீச்சரம்மா மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. எம்புள்ள நல்லாப் படிக்குதுன்னா அவுங்கதான் காரணம். ஆனா அந்த புக்கு வாணாம். கடல்ல போறவன் சாவறத பத்தி எழுதுன புக்கு எங்க வூட்ல இருக்கக்கூடாது."

"டீச்சர்" என்றார் கலைமணி, "அந்த மணி இன்னா மணி? அத அடிக்கிறது யாரு? அதச் சொல்லுங்க, மொதல்ல."

நஜியாவின் பார்வை பிள்ளைகள் பக்கம் போனது.

சொல்லியிருந்தால் பிராது அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் பெண்கள் பக்கம் தமிழினி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். மணல்மேட்டில் அரவிந்தனும் மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாவலின் பெரிய ரகசியமே அந்த மணிதான். அதை இங்கே போட்டு உடைத்தால் வகுப்பு பிழைத்துக்கொள்ளும், நாவல் செத்துப்போகும். இந்த இக்கட்டிலும் முடிவைச் சொல்லமாட்டேன் என்று அடம் பிடிக்கிற பெண்ணை என்ன சொல்வது? பைத்தியம் என்று சொல்லலாம். எனக்கு அந்தப் பைத்தியத்தைப் பிடித்திருக்கிறது.

"அதச் சொல்ல முடியாது ஐயா" என்றாள்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கலைமணியின் முகம் இறுகியது. "அப்ப சரி. வலைக்கூடத்துல இனிமே..."

"ஐயா, ஒரு நிமிஷம்." நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள் நஜியா. "இந்த ஊர்ல ஒருத்தர் மேல பிராது வந்தா, அவர விசாரிக்காமலே தீர்ப்பு சொல்லிடுவீங்களா?"

கலைமணிக்குச் சுருக்கென்று குத்தியது. "இன்னா பேச்சு இது? எதிராளி வாயத் தொறக்காம இந்த ஊர்ல தீர்ப்பு சொன்னதே கெடையாது."

"பிராது என் மேல இல்லன்னு பூவராகன் அண்ணனே சொல்லிட்டாரு. புத்தகத்து மேலதான் பிராது. அப்ப விசாரிக்க வேண்டியது அதத்தானே?"

யாரோ சிரித்தார்கள். கலைமணி சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். முறை என்று வந்துவிட்டால் அவருக்குத் தப்பிக்க வழி கிடையாது. "புக்கு எப்படிப் பேசும்?"

"பசங்க பேச வைப்பாங்க. மொதல் பக்கத்துலேர்ந்து."

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கப்போகிற சமயம் அது. படகெல்லாம் கரையேறிவிடும், ஆட்களுக்கு வலை பொத்துவதைத் தவிர வேலை இருக்காது. தடைக்காலம் முழுக்கச் சாயங்காலம் வலைக்கூடத்தில் புத்தகத்தை விசாரிப்பது என்று முடிவானது. குற்றம் இல்லையென்றால் வகுப்பு நடக்கும். குற்றம் என்றால் எல்லா ஜெராக்ஸையும் கல்லோடு கட்டிக் கடலில் போட்டுவிட வேண்டும், வகுப்பும் அதோடு சரி.

அப்படியாகக் கோடை விடுமுறையில் தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினாள் நஜியா. சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் கணவன் ஹுமாயூன் போனில், "லீவுல கூடவா ஸ்கூலு?" என்று கேட்டான். "ஸ்கூல் இல்லங்க, கோர்ட்டு" என்றாள்.

முதல் நாள் கலைமணியும் நாலைந்து பெரியவர்களும் மட்டும் வந்தார்கள். ஒரு பிள்ளை ஒரு பத்தியை இங்கிலீஷில் படிக்கும், இன்னொரு பிள்ளை தமிழில் சொல்லும். கலைமணி கண்ணை மூடிக்கொண்டு, சாட்சி விசாரிக்கிற தோரணையில் கேட்டார். அடுத்தடுத்த நாள் ஆள் சேர்ந்தது. வலையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வெளியே உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் வியாபாரத்தை இங்கேயே மாற்றிக்கொண்டார்.

பிறகு ஊர் பேச ஆரம்பித்தது. "அந்த ஹெலன் பொண்ணு எதுக்கு அந்த வூட்லயே கெடக்குது? பஸ் ஏறி ஊருக்குப் போவ வேண்டியதுதான?" என்று ஒரு கிழவர் தினம் கோபித்துக்கொண்டார். ஹெலனைச் சுற்றிவரும் டாக்டர் நல்லவனா கெட்டவனா என்று மாமனும் மச்சானும் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அரவிந்தன் கேப்டன் குரலில் படித்துப் படித்து ஊருக்கே வில்லனாகிவிட்டான். 'கப்பல்காரன்' என்று அவனுக்குப் பெயரே நின்றுவிட்டது. பெற்ற தாயே அவனை முறைத்துக்கொண்டு சோறு போட்டாள். நஜியா மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தாள். எந்தப் பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் இந்த நாவலுக்கு இப்படி ஒரு மரியாதை நடந்திருக்காது என்று நினைத்தாள். அவளுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். கூடவே பயமும்.

பயத்துக்குக் காரணம் பூவராகன். தினமும் வந்தார். வந்து, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்து வலை பொத்தினார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பிராது கொடுத்தவர் அவர். அவர் மனம் இறங்காமல் என்ன ஆகிவிடப் போகிறது? ஒரு நாள் சுவாரசியமான இடத்தில் கரண்ட் போனது. பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். இருட்டில் பூவராகனின் குரல் கேட்டது: "டேய், யாராவது செல்லுல லைட்டு அடிங்கடா!" நஜியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கோபுரத்துக்கு ஹெலன் ஏறும் அத்தியாயத்தை அரவிந்தனும் தமிழினியும் மாறி மாறிப் படித்தார்கள். கூடத்தில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. ஹெலன் பூட்டை உடைத்து உள்ளே போகிறாள். மணியின் கயிறு தரையில் ஒரு துளை வழியாகக் கீழே இறங்குகிறது. அது கேப்டனின் படுக்கையறைக்குப் போகிறது. கோபுரத்தில் ஆவி இல்லை. ரத்தமும் சதையுமாக இசபெல் இருக்கிறாள். புயல் வருகிறது என்று தெரிந்தும், மட்கிப்போன கப்பலில் ஆட்களை ஏற்றி அனுப்பிச் சாகடித்தவன் கேப்டன். அது அவன் தங்கைக்குத் தெரியும். அதனால் வெறும் சவப்பெட்டியைப் புதைத்து அவள் செத்தாள் என்று ஊரை நம்ப வைத்து, அவளைக் கோபுரத்தில் பூட்டிவிட்டான். யாரும் அந்தப் பக்கம் வராமல் இருக்கத்தான் மணியடித்துப் பயம் காட்டினான்.

பூவராகன் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். ஊசி கையில் அப்படியே நின்றது.

"பாப்பா, அப்ப மணி அடிச்சது அவனா?"

"ஆமாம்ப்பா."

"பேயி இல்லியா?"

"பேயே இல்லப்பா."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "ஒரு திருட்டுப்பய அடிச்ச மணிக்கா நான் அவ்ளோ வஞ்சிரத்த வுட்டேன்?"

கூடம் வெடித்துச் சிரித்தது. பூவராகனும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிழைத்தோம் என்று நினைத்தாள் நஜியா. இன்னும் ஒரே அத்தியாயம்தான் பாக்கி.

மறுநாள் அதைப் படித்தார்கள். புயலடிக்கிறது. கோபுரம் இடிந்து விழுகிறது. கேப்டனும் இசபெல்லும் அடியில் சிக்கிச் சாகிறார்கள். ஹெலன் டாக்டரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தமிழினி கடைசி வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். நஜியா கைதட்டலுக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கைதட்டல் வரவில்லை. வெளியே பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்தான் வந்தது. தமிழினியின் அம்மா சௌந்தரம். பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோல் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "அத்தினி வருசம் அடஞ்சி கெடந்தவ. அவளாண்ட ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கலியேடி?"

கலைமணி கண்ணைத் திறந்தார். "டேய் கப்பல்காரா, அந்தப் பொண்ணு எங்கியாச்சும் பேசுதா, பாரு."

அரவிந்தன் பக்கங்களைப் புரட்டினான். எல்லாப் பிள்ளைகளும் புரட்டினார்கள். நஜியாவும் புரட்டினாள். இசபெல் பார்க்கிறாள், அழுகிறாள், கையை நீட்டுகிறாள். நாவல் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தொன்பது வயதிலிருந்து படிக்கிற புத்தகம். எத்தனை தடவை படித்திருப்பாள்! இது அவள் கண்ணில் பட்டதே இல்லை. பழகிய வீட்டில் திறக்காத ஒரு கதவு இருந்திருக்கிறது.

"அப்ப விசாரணை முடியல" என்றார் கலைமணி. "பாதிக்கப்பட்டவ பேசாம தீர்ப்பு கெடையாது. எழுதினவரு வுட்டுட்டாருன்னா நீங்க எழுதிக்கினு வாங்க. படகு எறங்கறதுக்குள்ள முடிக்கணும். கோயில் முன்னால கூட்டம்."

பிள்ளைகள் வலைக்கூடத்தில் உட்கார்ந்து இசபெல்லின் வாக்குமூலத்தை எழுதினார்கள். முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். அடித்து அடித்து எழுதினார்கள். சண்டை போட்டார்கள். அவர்கள் கேட்ட சொல்லுக்கு மட்டும் நஜியா இங்கிலீஷ் கொடுத்தாள். வேறு எதிலும் கை வைக்கவில்லை.

கூட்ட நாளில் புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. இசபெல்லாக யார் எழுந்து பேசுவது? தமிழினி என்றார்கள் பிள்ளைகள். பெரியவர் ஒருவர் எழுந்து, "பொம்பளப் புள்ள ஊர்க்கூட்டத்துல நின்னு பேசறதா? எந்தக் காலத்துல நடந்துச்சு? கூத்துல ஆம்பள பொம்பள வேசம் கட்றதில்லியா? அரவிந்தன் படிக்கட்டும்" என்றார். பலரும் தலையாட்டினார்கள். தமிழினி கையிலிருந்த தாளைக் கசக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நஜியா எழப்போனாள். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தன்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் வெளியாள். இத்தனை நாள் கட்டிக்காத்த விசாரணை இந்த இடத்தில் உடைந்தால் புத்தகத்துக்குத் தீர்ப்பே வராது.

கலைமணி பூவராகனைப் பார்த்தார். "பொண்ணுக்காக அப்பனோ அண்ணனோ பேசறதுதான் நம்ம முறை. நீ இன்னா சொல்ற?"

பூவராகன் மகளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அண்ணன் பேசணும்னா, அந்தப் பொண்ணுக்கு அண்ணன் யாரு? கப்பல்காரன். அவன்தான பூட்டுனவன். அவன் இன்னாத்த பேசுவான்?" மகள் பக்கம் கையைக் காட்டினார். "பொண்ணே பேசட்டும்."

கலைமணி தலையசைத்தார். மறுத்துப் பேச யாருக்கு என்ன இருக்கிறது? தமிழினி கூட்டத்தின் நடுவுக்கு வந்தாள். முதலில் இங்கிலீஷில் பேசினாள். புரியாதவர்களும் அசையாமல் கேட்டார்கள். பிறகு தாளை மடித்துவிட்டுத் தமிழில், அவர்கள் தமிழிலேயே சொன்னாள்.

"எம்பேரு இசபெல். நான் கடல்ல சாவல. எங்க அண்ணன் எனக்குச் சோறு குடுத்தான், துணி குடுத்தான், வெளக்கு குடுத்தான். நான் பாத்தத சொல்றதுக்கு மட்டும் வுடல. அந்தக் கப்பல்ல போனவங்க ஒவ்வொருத்தர் பேரும் எனக்குத் தெரியும். அவுங்க பேர மறந்துடக்கூடாதுன்னு தெனம் சொல்லிக்கினே அந்தக் கோபுரத்துல நடந்தேன். நீங்க அதக் கேட்டுட்டு, பேயி நடக்குதுன்னு கதவச் சாத்திக்கினீங்க. ஒருத்தராவது மேல வந்து, யாரு நீ, இன்னா சொல்றன்னு கேட்டிருந்தா, நான் சொல்லியிருப்பேன். இப்ப கேட்டீங்க. சொல்லிட்டேன்."

கடலில் ஆட்களைத் தொலைத்த ஊர் அது. பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. ஆண்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நஜியாவும் அழுதாள். அழுவதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

கலைமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஊரு இன்னா சொல்லுது?" என்று முறைப்படி கேட்டார். இதற்கு ஆண்கள்தான் பதில் சொல்வது வழக்கம். அவர்கள் வாயெடுப்பதற்குள் கோயில் சுவர் ஓரத்திலிருந்து சௌந்தரம் உரக்கச் சொன்னாள்: "குத்தம் அவன் மேலதான்!" அவள் பின்னால் அத்தனை பெண்களும் சொன்னார்கள். ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். அலைச் சத்தமே காதில் விழவில்லை.

தீர்ப்பு வந்தது. கப்பல்காரன் குற்றவாளி. இனி அவனோடு இந்த ஊரில் யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது. ஊர் விலக்கு. "செத்தவனுக்கு எப்படி மாமா வெலக்கு?" என்று ஒருவன் கேட்டான். "செத்தாலும் வெலக்கு வெலக்குதான், உக்காருடா" என்றார் கலைமணி. புத்தகத்தின் மேல் குற்றமில்லை, பிராது தள்ளுபடி. சனிக்கிழமை வகுப்புக்கு வலைக்கூடத்தில் மூலை போதாது, பாதிக் கூடம் ஒதுக்கவேண்டும்.

"இன்னொண்ணு டீச்சர்" என்றார் கடைசியாக. "அந்தப் பொண்ணு பேசினத புக்குல சேத்துடுங்க. இல்லாட்டி கேசு முடிஞ்சதா ஆவாது."

கூட்டம் கலைந்தது. நாலு பேர் சூழ்ந்துகொண்டு மகளைப் பற்றி விசாரிக்க, பூவராகன் ஒன்றும் சொல்லத் தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றார். பிள்ளைகள் நஜியாவைச் சுற்றி மணலில் உட்கார்ந்து, தமிழினியின் தாளை நாவலின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் வைத்துத் தைத்தார்கள். அரவிந்தன் வலை ஊசியால் தைத்தான்.

"மிஸ், முடிச்சிட்டோம் மிஸ்" என்றாள் தமிழினி.

நஜியா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக அவள் கேட்டதெல்லாம் கடைசிப் பக்கம் வரை போகவேண்டும் என்பதுதான். பிள்ளைகள் அவளை அதற்கும் மேலே ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.